பூஹோல்ஸ் 700-ஐத் தொடுவாரா, இல்லை இது அணையப்போகிற விளக்கா?

ஆகஸ்ட் 21, 2022, காலை (ஒரு வாசகர்)

அண்ணா, நான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து ரெண்டே வருஷம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேட்டர் ஆல்பர்ட் பூஹோல்ஸ் பற்றிக் கேட்க வேண்டும். ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் இடைவேளை வரை சராசரி .215 (நூறு வாய்ப்புக்கு இருபத்தொரு ஹிட்தான்), ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டிய அடி, ஆறே ஆறு. வயது 42. இந்த வருஷத்தோடு ஓய்வு என்று அவரே அறிவித்துவிட்டார். இப்போது திடீரென்று என்ன ஆச்சு? போன ஞாயிறு மில்வாக்கிக்கு எதிராக ரெண்டு. வியாழன் கொலராடோவுக்கு எதிராகப் பாதியில் இறங்கி கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடித்த ஹோம் ரன்). நேற்று அரிசோனாவில் நாலு வாய்ப்பில் நாலு ஹிட், அதில் ரெண்டு ஹோம் ரன். வாழ்நாள் மொத்தம் 692 ஹோம் ரன். இன்னும் எட்டு வந்தால் 700. இது நிலைக்குமா?

ஆகஸ்ட் 21, இரவு

நிலைக்காது.

இதை எழுதக் கை கூசுகிறது. நான் செயின்ட் லூயிஸுக்கு வந்தது 2009-இல். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத என்னை அலுவலக நண்பர் ஒருவர் கார்டினல்ஸின் புஷ் ஸ்டேடியத்துக்கு இழுத்துப்போனார். அன்று பூஹோல்ஸ் மட்டையோடு நடந்து வந்தபோது கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்ததைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆட்டமே பிடித்தது. அவர் மூன்றாவது எம்.வி.பி. (லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருது வாங்கிய வருஷம் அது. ஆனால் பிரியம் வேறு, கணக்கு வேறு.

கணக்கு இதுதான். கார்டினல்ஸில் முதல் 11 வருஷத்தில் 445 ஹோம் ரன், சராசரி .328. அப்புறம் 24 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஏஞ்சல்ஸுக்குப் போனார். அங்கே ஏறக்குறைய பத்து வருஷத்தில் 222 தான். கால் வலி, முழங்கால், வயது. 2021 மே மாதம் அவர்களே விடுவித்துவிட்டார்கள். டாட்ஜர்ஸில் ஒட்டிக்கொண்டு 12. ஆக 679-உடன் இந்த வசந்தத்தில் 25 லட்சம் டாலருக்கு வீடு திரும்பினார். பத்து வருஷமாக இறங்கிக்கொண்டே வந்த கோடு பத்து நாளில் நிமிர்ந்துவிடுமா? எந்த பேட்டருக்கும் வருஷத்தில் இப்படி இரண்டு வாரம் வரும். காசைச் சுண்டிக்கொண்டே இருந்தால் நடுவில் எங்கோ ஏழு தலை தொடர்ந்து விழும், அவ்வளவுதான்.

என் கணிப்பு 697. பந்தயம் வேண்டுமானால் ஒரு அண்டா பிரியாணி.

ஆகஸ்ட் 22

இன்று சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் 693. ஆட்டமே 1-0. அந்த ஒன்று இவர் அடித்தது. நம் பிட்சர் ஜார்டன் மான்ட்கோமரி ஒரே ஒரு ஹிட் கொடுத்து ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி முடித்தார். அவர் பெயரைத்தான் நாளைக்கு எல்லோரும் பேச வேண்டும். பேச மாட்டார்கள்.

கணிப்பு அப்படியே நிற்கிறது. பிரியாணி கோழியா ஆட்டுக்கறியா என்று கேட்ட தம்பிக்கு: முதலில் ஜெயியுங்கள்.

ஆகஸ்ட் 23

தூக்கம் வராமல் பழைய கதைகளைப் புரட்டினேன். கிழவர்கள் திடீரென்று அடிப்பதில் இரண்டு வகை உண்டு என்று தோன்றுகிறது.

ஒன்று பேப் ரூத் வகை. 1935, மே 25. பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன். மூன்றாவது வலப்பக்கக் கூரையையே தாண்டிப் போனது. அதுவரை யாரும் தாண்டியதில்லை. அப்போது அவருக்கு வயது 40. அதுதான் 714-ஆவது, கடைசியும் அதுதான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மனுஷன் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த வருஷ சராசரி .181. அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தவன் ‘கிழவன் திரும்பிவிட்டான்’ என்றுதான் சொல்லியிருப்பான். யாங்கீஸ் ரசிகர்கள் எப்படி அழுதிருப்பார்கள்!

இன்னொன்று டெட் வில்லியம்ஸ் வகை. 1959-இல் கழுத்துவலியோடு .254, பத்து ஹோம் ரன். முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். சம்பளத்தைக் குறையுங்கள் என்று தானே கேட்டு 1960-இல் ஆட வந்தார். .316, 29 ஹோம் ரன். கடைசியாக மட்டை பிடித்தபோதும் ஹோம் ரன். டேவிட் ஆர்ட்டிஸையும் இங்கே சேர்க்கலாம். 2016-இல் 40 வயதில் 38 அடித்துவிட்டுப் போனார்.

பூஹோல்ஸ் எந்த வகை? என் மூளை ரூத் என்கிறது.

ஆகஸ்ட் 24

திருத்தம். நேற்று யாங்கீஸ் ரசிகர்கள் அழுதார்கள் என்று எழுதிவிட்டேன். 1935-இல் ரூத் யாங்கீஸிலேயே இல்லை. பாஸ்டன் பிரேவ்ஸில் இருந்தார். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. ‘இது தெரியாமல் ஏன் எழுதுகிறீர்கள்’ என்ற பின்குறிப்புக்கு நன்றி இல்லை.

ஆகஸ்ட் 26

இரண்டு நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. காசு சுண்டும் உதாரணம் சரிதானா?

சாதாரண ஹிட்டில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மெதுவாகத் தட்டிய பந்து இரண்டு ஃபீல்டருக்கு நடுவே உருண்டு போகும். நெத்தியடியாக அடித்த பந்து நேராக ஒருவன் கையுறையில் போய் உட்காரும். சராசரி ஏறி இறங்குவதில் பாதி இந்தக் கூத்துதான். ஹோம் ரன் அப்படியில்லை. வேலியைத் தாண்டிய பந்தை யார் பிடிப்பது? அதற்கு வேகமும் கோணமும் வேண்டும், இரண்டையும் கொடுப்பது உடம்பு. ‘அதிர்ஷ்டம்’ என்று நான் தள்ளிவிட்டது கொஞ்சம் சோம்பேறித்தனம்.

சரி, அதிர்ஷ்டம் இல்லையென்றால் வேறென்ன?

ஆகஸ்ட் 30

நேற்று சின்சினாட்டியில் 694. ராஸ் டெட்வைலர் பந்தில். இதோடு 450 வெவ்வேறு பிட்சர்களிடம் ஹோம் ரன் அடித்திருக்கிறார். பாரி பாண்ட்ஸின் 449 என்ற சாதனை உடைந்தது. எனக்கு 700-ஐவிட இந்த எண்தான் பிடித்திருக்கிறது. 450 பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு ராத்திரி கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் டெட்வைலர் யார்? இடக்கையர். ரிக்லியில் 693 கொடுத்த ஸ்மைலி? இடக்கையர். அந்த கிராண்ட் ஸ்லாம் கொடுத்த ஆஸ்டின் கோம்பர், அரிசோனாவின் பம்கார்னர்? இடக்கையர்கள். போன வருஷம் டாட்ஜர்ஸும் இவரை இதற்குத்தான் வைத்திருந்தார்கள்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: வலக்கை பேட்டருக்கு இடக்கை பிட்சரின் பந்து கையை விட்டு வரும்போதே தெளிவாகத் தெரியும். வளையும் பந்துகள் விலகிப் போகாமல் அவரை நோக்கியே வரும். வயதானால் முதலில் குறைவது அந்த ஒரு கண நேரம். இடக்கையரிடம் அந்தக் கணம் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது.

மேனேஜர் ஆலிவர் மார்மோல் அதைத்தான் செய்கிறார். இடக்கையர் வீசினால் பூஹோல்ஸ், வலக்கையர் வந்தால் பெரும்பாலும் பெஞ்ச். மார்மோலுக்கு வயது 36, ஆட்டக்காரரைவிட ஆறு சின்னவர்! அப்புறம் இந்த வருஷம்தான் நேஷனல் லீகிலும் டி.எச். விதி நிரந்தரமாக வந்தது. பிட்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அவர் ஃபீல்டிங் செய்ய வேண்டாம். அந்த விதி இல்லாவிட்டால் பூஹோல்ஸ் முதல் பேஸில் நிற்க வேண்டியிருக்கும். அங்கே பால் கோல்ட்ஷ்மிட் எம்.வி.பி. மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறார். இடமே கிடைத்திருக்காது.

ஆக, பழைய பூஹோல்ஸ் திரும்பி வரவில்லை என்பது என் கட்சி. மிச்சமிருக்கிற திறமையை எங்கே செலவழிப்பது என்று தெரிந்த அணியிடம் வந்து சேர்ந்திருக்கிறார். எதிரணிகளுக்கும் கண் உண்டு. இனி வலக்கையரையே அனுப்புவார்கள். கணிப்பு 697, மாற்றமில்லை.

செப்டம்பர் 1

யாரோ ஹோம் ரன் டெர்பிதான் (யார் அதிக ஹோம் ரன் அடிப்பது என்ற காட்சிப் போட்டி) காரணம் என்று எழுதியிருக்கிறார். ஜூலை 18, டாட்ஜர் ஸ்டேடியம். அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்களிலேயே மூத்தவர் இவர். முதல் சுற்றில் கைல் ஷ்வார்பரைத் தோற்கடித்தார். நடுவில் மற்ற ஆல்-ஸ்டார்கள் ஓடி வந்து கட்டிப்பிடித்தார்கள். அப்புறம் ஹுவான் சோட்டோவிடம் தோற்றார். அந்த இரவு ஸ்விங் திரும்பி வந்ததாம்.

அழகான கதை. ஆனால் டெர்பி முடிந்து ஆகஸ்ட் 10 வரை அடித்தது இரண்டே ஹோம் ரன். மருந்து வேலை செய்ய மூன்று வாரமா?

செப்டம்பர் 5

நேற்று 695. சிகாகோ கப்ஸ் அணியுடன் எட்டாவது இன்னிங்ஸ் வரை 0-0. பிஞ்ச் ஹிட்டராக (வேறொருவருக்குப் பதிலாக அடிக்க) வந்தார், இரண்டு ரன், 2-0. பிட்சர் இடக்கையர். என் கட்சி ஸ்ட்ராங்காக இருக்கிறது.

நான் நேரில் போயிருந்தேன். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து மட்டையை எடுத்ததும் கிளம்பிய சத்தத்தில் பக்கத்து இருக்கைக் குழந்தை அழுதது. பந்து போன பிறகு அதன் அப்பாவும் அழுதார்.

செப்டம்பர் 7

கொஞ்சம் சொந்தக் கதை. எனக்கு 46. வார இறுதியில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜூனில் தொடர்ந்து நாலு வாரம் அரை சதம். எனக்கே புரியவில்லை. மட்டை மாற்றவில்லை, பயிற்சி இல்லை. பந்து பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஐந்தாவது வாரம் முதல் பந்தில் போல்ட். அப்புறம் அது வரவே இல்லை. என் மனைவியின் விளக்கம்: அந்த நாலு வாரமும் எதிரணியில் நல்ல பௌலர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். கோடை விடுமுறை.

யோசித்துப் பார்த்தால் நான் பூஹோல்ஸுக்குச் சொல்வதும் இதேதான். ‘எதிரில் வீசுகிறவர்கள் வசதியானவர்கள்.’ என் மேல் இருக்கிற சந்தேகத்தை அவர் மேல் ஏற்றுகிறேனோ?

செப்டம்பர் 11, இரவு

பிட்ஸ்பர்க். நேற்று 696, அலெக்ஸ் ரோட்ரிகஸோடு சமம். இன்று ஒன்பதாவது இன்னிங்ஸில் 697. ஹோம் ரன் பட்டியலில் நாலாவது இடத்தில் இப்போது தனியாள்.

697. நான் சொன்ன எண். இங்கேயே நிறுத்திவிடுங்கள் ஐயா.

செப்டம்பர் 12

ஒரு சங்கடம். நேற்றைய பிட்சர் சேஸ் டி ஜாங் வலக்கையர். முந்தின நாள் ப்ரூபேக்கரும் வலக்கையர். இரண்டு நாள்தானே என்று கடந்து போகலாம். போகவில்லை, குறித்து வைக்கிறேன்.

அந்த 697-ஆவது பந்தைப் பிடித்த தம்பதி அதைத் திருப்பிக் கொடுக்கப் போனார்களாம். அந்தப் பெண்ணின் அப்பா இறந்து ஒரு வருஷம். அதைக் கேட்ட பூஹோல்ஸ் பந்தை அவர்களையே வைத்துக்கொள்ளச் சொல்லி, கையெழுத்துப் போட்ட பந்து இரண்டையும் கொடுத்தனுப்பினார். ஆட்டக்கணக்கில் இது சேராது. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

செப்டம்பர் 15

தலைப்பை விட்டு விலகுகிறேன். நேற்று கார்டினல்ஸில் ஆடம் வெயின்ரைட் வீச, யாடியர் மொலினா பிடிக்க, இருவரும் சேர்ந்து தொடங்கிய 325-ஆவது ஆட்டம். டெட்ராய்ட்டின் லோலிச், ஃப்ரீஹன் ஜோடியின் 324 உடைந்தது. இனி இதை யாரும் உடைக்கப் போவதில்லை. ஒரே பிட்சரும் ஒரே கேட்சரும் ஒரே அணியில் அத்தனை வருஷம் இருக்க யார் விடுவார்கள்?

பூஹோல்ஸ் 2011-இல் போகாமல் இருந்திருந்தால் மூவரும் சேர்ந்தே கிழவர்களாகியிருப்பார்கள். அந்த டிசம்பரில் நான் அவர் பெயர் போட்ட ஜெர்சியைப் பரண்மேல் போட்டேன். இந்த மார்ச்சில் எடுத்தேன். இப்போது எனக்குச் சேரவில்லை. அவர் மட்டும் திரும்பி வரலாமாம், நான் வரக்கூடாதாம்.

செப்டம்பர் 17

698, நேற்று, சின்சினாட்டிக்கு எதிராக. பிட்சர் ரெய்னெல் எஸ்பினால். வலக்கையர்.

என் கணிப்பு செத்தது. ஆனால் பந்தயம் 700-க்குத்தான், இன்னும் இரண்டு பாக்கி. தம்பி அண்டா அளவு கேட்டிருக்கிறார். அவசரப்பட வேண்டாம்.

செப்டம்பர் 22

சான் டியேகோவில் மூன்று நாள், ஒன்றும் இல்லை. 16-ஆம் தேதிக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பாருங்கள், தீர்ந்துவிட்டது. ரூத் வகைதான். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நாளைக்கு டாட்ஜர்ஸ். போன வருஷம் ஆடிய மைதானம்.

செப்டம்பர் 23, நள்ளிரவு

ரெண்டு. ஒரே ஆட்டத்தில். அடுத்தடுத்த இன்னிங்ஸில். 700.

செப்டம்பர் 24

நேற்று எழுத முடியவில்லை, தொண்டை போய்விட்டது. மூன்றாவது இன்னிங்ஸில் ஆண்ட்ரூ ஹீனி பந்தில் 699, இவர் இடக்கையர். நாலாவதில் ஃபில் பிக்ஃபோர்ட் பந்தில் 700, இவர் வலக்கையர். 11-0. பேஸ்களைச் சுற்றி வந்தவர் நேராக வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் ஏட்ரியன் பெல்ட்ரேயிடம் போய்க் கையோடு கை தட்டிவிட்டுத்தான் தன் அணியிடமே போனார். எதிரணி ஊர் ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். 700-ஐத் தொட்டவர்கள் பாண்ட்ஸ், ஏரன், ரூத், அப்புறம் இவர். நாலு பேர்தான்.

பந்தயத்தில் தோற்றேன். தோற்ற விதத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் பற்றி என் விளக்கம் பெரும்பாலும் சரி: ஆள் பார்த்து இறக்கினார்கள், அடித்தார். செப்டம்பருக்கு அந்த விளக்கம் போதவில்லை. 700 நெருங்கியதும், கூட்டம் கேட்டதும், மார்மோல் வலக்கையருக்கும் இறக்கினார். எங்கே உடையும் என்று நான் எதிர்பார்த்தேனோ அங்கேயே அடித்தார். பத்து வருஷமாக இறங்கிய கோட்டை அவ்வளவு நம்பியவன், அந்தக் கோட்டின் பாதி கால் வலி என்பதை மறந்துவிட்டேன். ஃபீல்டிங் இல்லை, தினசரி ஆட்டம் இல்லை. கால் ஓய்ந்திருந்தால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் பந்து போகும். டெட் வில்லியம்ஸின் கழுத்தும் அப்படித்தானே. 59-இல் வயது என்று எல்லோரும் சொன்னது 60-இல் காயம் என்று தெரிந்தது.

இது ஊகம். அவர் இடுப்பை நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 4

701 (செப்டம்பர் 30), 702 (அக்டோபர் 2), 703 (நேற்று, மறுபடி பிட்ஸ்பர்க்). மூன்றும் வலக்கையரிடம். 701 கொடுத்த யோஹான் ஓவியேடோ இதே ஜூலை வரை கார்டினல்ஸில் கூட ஆடியவர். பாவம்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது இன்னிங்ஸில் வெயின்ரைட், மொலினா, பூஹோல்ஸ் மூவரையும் மார்மோல் ஒன்றாக வெளியே எடுத்தார். மூவரும் சேர்ந்து நடந்தார்கள். ஆட்டம் தோற்றது பற்றி மைதானத்தில் ஒருவருக்கும் கவலையில்லை.

நேற்றைய அடியில், தன் அடியால் அணிக்கு ரன் சேர்த்துக் கொடுத்த (ஆர்.பி.ஐ.) கணக்கிலும் ரூத்தைத் தாண்டி இரண்டாம் இடம். ரூத் கடைசி மூன்றை அடித்த அதே ஊரில்! இதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது. ஆனாலும் மயிர்க்கூச்செறிந்தது.

அக்டோபர் 9

முடிந்தது. பிளேஆஃப் முதல் சுற்றில் பிலடெல்பியாவிடம் இரண்டே ஆட்டத்தில் வெளியே. முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் கையிலிருந்ததைக் கோட்டைவிட்டார்கள், அதைப் பற்றி எழுத மனசில்லை. நேற்று 2-0. எட்டாவது இன்னிங்ஸில் பூஹோல்ஸ் ஒரு சிங்கிள். முதல் பேஸில் நின்றார், அவருக்குப் பதிலாக ஓட ஒரு இளைஞன் வந்தான், இறங்கிப் போனார்.

டிவியை அணைத்துவிட்டு எண்களைப் பார்த்தேன். இடைவேளைக்கு முன் .215, ஆறு. பின் .323, பதினெட்டு. முழு வருஷம் .270, 24.

‘ஆக, நிலைத்ததா இல்லையா?’ என்று தம்பி கேட்கிறார். நிலைத்தது என்று சொல்ல அடுத்த ஏப்ரல் வேண்டும், அதை அவர் தரவில்லை. மே மாதத்தில் ரூத் ஒரு வாரம் கூடுதலாக ஆடினார், கோடு தெரிந்துவிட்டது. இவர் மேலே இருக்கும்போதே எழுந்துவிட்டார். அடுத்த வருஷமும் ஆடியிருந்தால் நான் மறுபடி ‘நிலைக்காது’ என்றுதான் எழுதியிருப்பேன். அநேகமாக ஜெயித்தும் இருப்பேன்.

அக்டோபர் 16

பிரியாணி போட்டாயிற்று. ஆட்டுக்கறி. பதினொரு பேர், ஒரு பருக்கை மிச்சமில்லை. அடி கொஞ்சம் பிடித்துவிட்டது, அதை ஒருவரும் சொல்லவில்லை, தம்பி மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அக்டோபர் 27

வெயின்ரைட் இன்னொரு வருஷம் ஆடப்போகிறாராம். 41 வயது, பிட்சராக 195 வெற்றி. ‘200 தொடுவாரா அண்ணா?’ என்று தம்பி உடனே அனுப்பிவிட்டார்.

செப்டம்பரில் அவர் பந்தில் வேகம் போய்விட்டிருந்ததைப் பார்த்தேன். ஐந்து வெற்றிதான் வேண்டும், ஆனால் கஷ்டம். இந்தத் தடவை தயிர்சாதம் வரைதான் பந்தயம்.